சீட்டை அனுப்புங்கள், மூட்டையை உருட்டாதீர்கள்
திருவனந்தபுரத்தில் தரவுத்தள வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



நாகர்கோவிலிலும் இரணியலிலும் குழித்துறையிலும் காலை ரயில் ஏறி, பாறசாலை தாண்டுவதற்குள் லேப்டாப்பைத் திறந்துவிடுகிற உங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். நானும் அதே ரயிலில் வந்தவன்தான். அன்று மடியில் லேப்டாப் இல்லை, சோற்றுத் தூக்குதான். பிறகு தரவுத்தளங்களைப் பார்த்துக்கொள்வதே பிழைப்பாகி, வழுதக்காட்டில் வீடெடுத்து, இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது ஓய்வு. ஊருக்குப் போய்வர மட்டும் ரயில்.

போன மாதம் எதிர் இருக்கையில் ஒரு தம்பி போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம சைடுல க்வெரி கரெக்டாத்தான் சார் இருக்கு, அவங்க சர்வர்தான் ஸ்லோ." இந்த வாக்கியத்தை முப்பது வருடத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன், எத்தனை முறை நானே சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பெரும்பாலும் அது தவறு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

"அவங்க சர்வர்" என்பது என்ன? நீங்கள் தினமும் கேள்விப்படுகிற விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு மூன்று வீட்டில் கணக்கு உண்டு. யார் யாருக்கு எந்த நாளில் விற்றார் என்பது பதிவுத் துறையில். அதன் மென்பொருள் 'பேர்ல்'. யார் கரம் கட்டுகிறார், தண்டப்பேர் எண் என்ன என்பது வருவாய்த் துறையில், அது 'ரெலிஸ்'. கல் எங்கே நிற்கிறது, பரப்பு எவ்வளவு என்பது அளவைத் துறையில், அது 'இ-மேப்ஸ்'. நம்மூர் வழக்கில் சொன்னால் பத்திரம், பட்டா, புலப்படம். 1966-இல் தொடங்கிய மறு அளவை பல பத்தாண்டுகள் இழுத்தது. 2022 நவம்பர் 1 அன்று டிஜிட்டல் அளவை தொடங்கியது. மாநிலம் முழுவதும் 28 கோர்ஸ் (செயற்கைக்கோள் வழி இடங்காட்டும்) நிலையங்கள் அதற்குத் துணை. 2024 அக்டோபரில் மூன்று துறைகளையும் சேர்த்த 'என்டெ பூமி' போர்ட்டல் வந்தது. முதலில் கைவைத்தது காசர்கோடு மாவட்டத்தின் உஜார்உள்வார் வில்லேஜில்.

அந்தப் போர்ட்டலுக்குள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நான் பேசவரவில்லை. அது என் வேலையாகவும் இருந்ததில்லை. என் கவலை அதன் அமைப்பு எழுப்புகிற கேள்வியைப் பற்றியது. மூன்று வீடும் தனித்தனி நோக்கத்துக்காக, தனித்தனி காலத்தில் கட்டப்பட்டவை. ஒருவர் இன்னொருவருக்குக் கீழ்ப்பட்டவர் இல்லை. இப்படிப்பட்ட மூன்று இடங்களில் ஒரே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும்? மருத்துவமனையும் காப்பீடும், வங்கியும் வருமான வரியும், ரேஷனும் ஓய்வூதியமும் என்று நீங்கள் நாளை தொடப்போகிற எல்லா இடத்திலும் இதே கதைதான்.

ஒரு கேள்வி வைத்துக்கொள்வோம். "இந்த வில்லேஜில் கடந்த ஓராண்டில் கிரயம் முடிந்தும் போக்குவரவு ஆகாத, பத்து சென்டுக்கு மேற்பட்ட நிலங்கள் எவை?" (போக்குவரவு என்றால் நம்முடைய பட்டா மாறுதல். பஸ் ஸ்டாண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) எண்களை நானே கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன்: அந்த வில்லேஜில் ஓராண்டில் 400 ஆதாரங்கள் (நம் பத்திரங்கள்) பதிவாகியிருக்கின்றன. வருவாய்ப் பக்கத்து டேபிளில் 12 லட்சம் வரிகள்.

புதிதாக வருகிறவர் செய்வது இது. இரண்டு பக்கத்து டேபிள்களையும் தன் போஸ்ட்கிரஸில் ஃபாரின் டேபிளாக இணைப்பார், ஒரு ஜாயின் எழுதுவார், என்டர் தட்டுவார். ஜாயின் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு டேபிளும் வெவ்வேறு சர்வரில் இருக்கின்றன. 2016-இல் வந்த 9.6 பதிப்பிலிருந்து ஜாயினை அந்தப் பக்கத்துக்கே தள்ளிவிடப் போஸ்ட்கிரஸுக்குத் தெரியும். இரண்டு டேபிளும் ஒரே சர்வரில் இருந்தால் மட்டும். இல்லையென்றால் 12 லட்சம் வரிகளும் உங்கள் வீட்டுக்கு நடந்துவர நேரலாம். ஒரு நடைக்கு நூறு வரி. மாற்றாமல் விட்டால் ஃபெட்ச் சைஸ் நூறுதான். ஆக 12,000 நடை. ஒரு நடை போய்வர 40 மில்லி செகண்ட் என்றால் 480 செகண்ட், எட்டு நிமிடம். அதுவும் காத்திருப்பு மட்டும். ஃபெட்ச் சைஸைப் பத்தாயிரமாக்கினால் 120 நடை, ஐந்து செகண்டுக்குள் காத்திருப்பு முடிந்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று எல்லோரும் டீ வாங்கிக் கொடுப்பார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்து சர்வர் இப்போதும் 12 லட்சம் வரிகளைப் படித்துத்தான் கொடுக்கிறது. சுமை குறையவில்லை, வேகமாகச் சுமக்கிறீர்கள், அவ்வளவுதான்.

என் தாய்மாமா சாலைக் கம்போளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கேட்ட சரக்கு இல்லையென்றால் பக்கத்துக் கடைக்கு என்னை விரட்டுவார். கையில் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும்: மல்லி ஐந்து கிலோ, கடுகு இரண்டு கிலோ. பக்கத்துக் கடை மூட்டைகளையெல்லாம் எங்கள் கடைக்கு உருட்டிவந்து, இங்கே நிறுத்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்பியதாக அந்தக் கம்போளத்தின் சரித்திரத்திலேயே கிடையாது. நீங்களும் அதையே செய்யுங்கள்: 400 ஆதாரங்களின் சாவி எண்களை முதலில் எடுங்கள். அந்த 400-ஐயும் ஒரு சீட்டாக வருவாய்ப் பக்கம் அனுப்பி, "இவற்றில் எது எது போக்குவரவு ஆகியிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். திரும்பி வருவது அதிகபட்சம் 400 வரி. புத்தகங்களில் இதற்குப் பெயர் செமி-ஜாயின். 1970-களின் கடைசியில் எஸ்டிடி-1 என்ற அமெரிக்கப் பரவல் தரவுத்தளத் திட்டத்தில் உருப்பெற்றது. மாமாவுக்கு அது தெரியாது.

சீட்டு நீளமானால்? 400 இல்லை, நான்கு லட்சம் சாவி என்றால்? பர்ட்டன் புளூம் 1970-இல் சொன்ன வடிகட்டி இருக்கிறது. சாவி ஒன்றுக்குப் பத்து பிட் வைத்தால் நான்கு லட்சம் சாவியும் 500 கிலோபைட்டில் அடங்கும். நூற்றில் ஒன்று தவறாக உள்ளே வரும், அதை இங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கு அந்தச் சீட்டை வாசிக்கத் தெரிய வேண்டுமே!

வேகத்தைவிடப் பெரிய சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எல்லாக் கடைக்காரரும் ஒரேமாதிரி இல்லை. ஒருவர் எந்த எஸ்க்யூஎல் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். ஒருவர் ஒரு அழைப்புக்கு ஒரே ஒரு சர்வே எண்ணுக்குத்தான் பதில் தருவார், அதுவும் நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் கூடாது என்பார். இன்னொருவர் இரவு பத்து மணிக்கு ஒரு ஃபைல் போடுவார், அதோடு சரி. இரண்டாமவரிடம் 400 சாவியும் கேட்டால் ஏழு நிமிடம் ஆகும். உங்கள் பக்கத்தில் எந்த இண்டெக்ஸ் போட்டும் பயனில்லை. அவரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். போக்குவரவு ஆனவற்றைக் கழித்து 30 நிலம் மிஞ்சியிருக்கும்போது அவரிடம் போனால் அரை நிமிடத்தில் முடியும். யாரிடம் முதலில் கேட்பது என்ற வரிசையில்தான் பாதிப் பலன் இருக்கிறது.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஐபிஎம்-இன் அல்மாடன் ஆய்வகத்தில் லாரா ஹாஸும் கூட்டாளிகளும் 'கார்லிக்' என்ற அமைப்பைக் கட்டி, 1997-இல் ஏதென்ஸில் நடந்த விஎல்டிபி மாநாட்டில் கட்டுரை வைத்தார்கள். ஒவ்வொரு தரவு மூலத்துக்கும் முன்னால் ஓர் உறை. அந்த உறைதான் "என்னால் இதைச் செய்ய முடியும், இதைச் செய்ய முடியாது, இதற்கு இவ்வளவு செலவாகும்" என்று சொல்லும். நடுவில் இருக்கிற ஆப்டிமைசர் அதைக் கேட்டுத் திட்டம் போடும். நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைக்காத ஆப்டிமைசர். இன்று டிரினோவில் நீங்கள் பார்க்கிற 'கனெக்டர்', கால்சைட்டில் பார்க்கிற 'அடாப்டர்' எல்லாம் அதே குடும்பம்தான்.

அந்தப் பக்கத்தைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு என் திங்கட்கிழமை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். இரண்டு அலுவலகங்களின் கணக்கை ஒத்துப்பார்க்கும் ஒரு ரிப்போர்ட். சனிக்கிழமை சோதித்தபோது நாற்பது செகண்டில் வந்தது. திங்கள் காலை பத்தரைக்கு மேலதிகாரி கேட்டார், ஓட்டினேன். வரவில்லை. மறுபடி ஓட்டினேன். முதலாவது இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் மூன்றாவதும் ஓட்டினேன். நகரத்தின் இன்னொரு மூலையில் அந்த இரண்டில் ஓர் அலுவலகத்தின் கவுண்டரில் ஜனங்கள் டோக்கனோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சான்று அச்சிட வேண்டிய அதே சர்வர்தான் எனக்காக முழு டேபிளையும் மூன்று முறை வாசித்துக்கொண்டிருந்தது. பதினொன்றே கால் மணிக்கு அவர்கள் எங்கள் இணைப்பை வெட்டிவிட்டார்கள். திரும்பக் கிடைக்க நாலு மாதமும் ஆறு கடிதமும் ஆயின. அந்த நாலு மாதமும் என் க்வெரியின் வேகம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சுதந்திரமான தரவுத்தளம் என்று பாடத்தில் படித்ததன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. 'இல்லை' என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே செலவுக் கணக்கில் உங்கள் நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. அவர்கள் சர்வரில் எத்தனை வரி படிக்கப்படுகிறது என்பதையும் எழுத வேண்டும். இரண்டு திட்டங்களில் ஒன்று உங்களுக்கு ஐந்து செகண்ட் குறைவு, அவர்களுக்குப் பத்து லட்சம் வரி அதிகம் என்றால், மற்றதை எடுங்கள்.

இனி கேரளத்தில் எதிர்ப்படுகிற மூன்று சிக்கல்கள். ஆங்கிலப் புத்தகத்தில் இவை கிடைக்காது.

சென்ட் முதலில். ஜனங்கள் சென்டில் பேசுகிறார்கள், ஆவணம் ஆரில் இருக்கிறது. ஓர் ஆர் 2.47 சென்ட். "பரப்பு பெருக்கல் 2.47 பத்துக்கு மேல்" என்று எழுதினால், அந்தப் பக்கத்து சர்வர் ஒவ்வொரு வரியையும் எடுத்துப் பெருக்கிப் பார்க்கும், பரப்பின் மேல் இண்டெக்ஸ் இருந்தும் அது சும்மா கிடக்கும். பத்து சென்டை நீங்களே 4.05 ஆராக மாற்றி, "பரப்பு 4.05-க்கு மேல்" என்று அனுப்புங்கள். நிபந்தனை அதே, வேலை எங்கோ. எல்லையில் நிற்கிற நிலங்களுக்குச் சற்றுத் தளர்த்தி 4.04 என்று கேட்டு, இங்கே நுணுக்கமாக வடிகட்டுங்கள்.

அடுத்தது கொல்லம் ஆண்டு. உங்கள் தாத்தா வீட்டுப் பெட்டியில் பழைய பிரமாணம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மலையாள ஆண்டுதான் போட்டிருக்கும். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழியில் இந்த ஊரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இங்கே வயதானவர்கள் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்பார்கள். மூணாறு ரயில் பாதையை அடித்துக்கொண்டு போன வெள்ளம். அது கொல்லம் 1099, அதாவது 1924. ஒரு புத்திசாலி இளைஞர் அதை 1999 என்று ஏற்றியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆண்டு சிங்ஙத்தில், ஆகஸ்ட் நடுவில் பிறப்பதால் 1950 ஜனவரிக்கு முந்தைய ஆதாரங்கள் என்று கேட்டால் நேராக மொழிபெயர்க்க முடியாது. கொல்லம் 1125 என்பது 1949 ஆகஸ்டில் தொடங்கி 1950 ஆகஸ்ட் வரை போகிறது. பலர் இங்கே கைவிட்டு முழு டேபிளையும் இழுக்கிறார்கள். வேண்டியதில்லை. "1125 வரை" என்று அனுப்புங்கள். கொஞ்சம் கூடுதலாக வரும், விட்டுப்போகாது. கூடுதலாக வந்த ஏழெட்டு மாதத்தை இங்கே கழியுங்கள். அந்தப் பக்கத்துக்குப் புரிகிற மொழியில் சற்று அகலமாகக் கேட்டு, இங்கே இறுக்குவது. ஆப்டிமைசர் இதைத் தானாகச் செய்யாது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது என் தலைமுடியை நரைக்க வைத்தது: சில்லு. மலையாளத்தில் கிருஷ்ணன் என்று எழுதும்போது கடைசியில் வருகிற ன் ஒரு சில்லெழுத்து. 2008-இல் யூனிகோட் 5.1 வரும்வரை அதை ந, சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று மூன்று குறிகளால் எழுதினார்கள். அதன்பின் தனிக்குறி வந்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பெயரை வைத்து ஜாயின் போட்டால் பழைய கிருஷ்ணனும் புதிய கிருஷ்ணனும் சேரவே மாட்டார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் குறையும். நம் தமிழில் 'கொ'வை இரண்டு துண்டாக அடித்தாலும் நார்மலைசேஷன் ஓட்டினால் ஒன்றாகிவிடும். சில்லுக்கு அந்த வழி கிடையாது. நீங்களே மாற்றுப் பட்டியல் எழுத வேண்டும். ஒப்பிடும் சாவியில் இரண்டு வடிவத்தையும் சீட்டில் எழுதி அனுப்புங்கள். 400 சாவி 800 ஆகும், ஆகட்டும். விரைவாக வந்த தப்பான விடையை நான் ஆப்டிமைசேஷன் என்று சொல்ல மாட்டேன்.

மதிப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1979-இல் சிஸ்டம் ஆர் திட்டத்தில் பாட்ரிசியா செலிங்கர் குழு செலவுக் கணக்குப் பார்த்துத் திட்டம் தேர்வு செய்யும் முறையைக் கொடுத்தபோது, டேபிளும் புள்ளிவிவரமும் ஒரே வீட்டில் இருந்தன. உங்களுக்கு அந்த வசதி இல்லை. போஸ்ட்கிரஸில் 'யூஸ் ரிமோட் எஸ்டிமேட்' போட்டால் அந்தப் பக்கத்தையே கேட்டுச் சொல்லும். கேட்பதற்கும் ஒரு நடை செலவு உண்டு, ஆனாலும் தகும். அந்தப் பக்கம் வாயே திறக்காது என்றால், பெங்களூர் ஐஐஎஸ்சி-யில் ஜெயந்த் ஹரித்சாவும் அன்ஷுமான் தத்தும் 2014-இல் சொன்ன 'பிளான் பொக்கே'யைப் படியுங்கள். மதிப்பீட்டையே நம்பாமல், சிறிய செலவு வரம்பில் ஒரு திட்டத்தை ஓட்டு. வரம்புக்குள் முடியவில்லையா, நிறுத்து. வரம்பைக் கூட்டி அடுத்த திட்டத்தை எடு. மோசமான நாளிலும் செலவு இத்தனை மடங்குக்கு மேல் போகாது என்று அவர்களால் உறுதி சொல்ல முடிந்தது. அடுத்த வீட்டு சர்வரிடம் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை: வரம்பு வைத்துப் போவது. அந்தத் திங்கட்கிழமை என் க்வெரிக்கு முப்பது செகண்ட் டைம்அவுட் வைத்திருந்தால் ஆறு கடிதம் மிச்சம்.

"எல்லாத்தையும் ராத்திரியே ஒரு இடத்துல கொட்டிக்கலாமே சார்?" என்று கேட்பீர்கள். கொட்டலாம். மாறாத பழைய ஆதாரங்களுக்கு அதுதான் சரி, யாரும் அதற்கு நேரலையில் போகத் தேவையில்லை. ஆனால் நேற்று மாலை விற்ற நிலம் இன்று காலை பழைய பெயரிலேயே தெரிந்தால், அதை இரண்டாம் முறை விற்க ஆள் இருக்கிறது. இன்றைய நிலையை இன்றுதான் கேட்க வேண்டும். தவிர, 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று. அடுத்தவர் தரவின் நகல் உங்களிடம் இருந்தால் அதன் பாரமும் உங்களுடையதுதான்.

நாளை ரயிலில் உட்கார்ந்ததும் ஒன்று செய்யுங்கள். உங்கள் பெரிய க்வெரி ஒன்றுக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெயின் வெர்போஸ்' போடுங்கள். 'ரிமோட் எஸ்க்யூஎல்' என்று ஒரு வரி வரும். நீங்கள் எழுதிய நிபந்தனைகளில் எத்தனை அந்த வரிக்குள் போயிருக்கின்றன, எத்தனை வெளியே நிற்கின்றன என்று எண்ணுங்கள். வேர் கிளாஸே இல்லாமல் அந்த வரி நின்றால், அவர்கள் சர்வர் ஸ்லோ இல்லை. திருத்திவிட்டு, அந்தப் பக்கத்து நிர்வாகிக்குப் போன் போட்டு, எப்போது ஓட்டலாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் நல்ல மனிதர்கள், சொல்வார்கள். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு மட்டும் ஓட்டாதீர்கள்.

அன்புடன்,
வழுதக்காட்டிலிருந்து உங்கள் பழைய சக பயணி